பெயரை வாசியுங்கள்

போன வாரம் எங்கள் ஊரில் நினைவு ஞாயிறு (போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள்) ஏற்பாட்டுக் கூட்டம் நடந்தது. ஊர் என்றால் இங்கிலாந்தில் லிங்கன்ஷயர், கிரிம்ஸ்பிக்குத் தெற்கே. ஒரு கிறிஸ்தவக் கோவில், ஒரு பப், ஒரு ஊர்க்கூடம், சுற்றிலும் கோதுமை வயல். பதினோரு வருஷமாக இங்கேதான் இருக்கிறேன். கூட்டத்தில் ஒருவர், நல்ல மனிதர்தான், ஒரு யோசனை சொன்னார். நவம்பர் குளிரில் வயதானவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருக்கிறது, அதனால் இந்த வருஷம் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்க வேண்டாம், "இந்த ஊரிலிருந்து போய்த் திரும்பாத 22 பேர்" என்று மொத்தமாகச் சொல்லிவிடலாம் என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. அந்தக் கூட்டங்களில் நான் வாயே திறப்பதில்லை. அன்று திறந்தேன். அங்கே தட்டுத்தடுமாறிச் சொன்னதைக் கொஞ்சம் நிதானமாக இங்கே எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்: நாம் சேகரம் (ஒரு குருவானவரின் பொறுப்பில் உள்ள பகுதி) என்று சொல்வதுதான் இங்கே பாரிஷ். கோவில் எல்லைக்கும் அந்தப் பெயர், ஊராட்சிக்கும் அதே பெயர். நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிறு, கோவிலுக்கு வருகிறவர்களும் வராதவர்களும் கல்லறைத் தோட்டத்து வாசலில் இருக்கிற கற்சிலுவைக்கு முன்னால் கூடுவார்கள். சட்டையில், இறந்தவர்கள் நினைவாக, காகிதப் பாப்பிப் பூ. பதினோரு மணிக்கு இரண்டு நிமிஷம் மௌனம். 1919 நவம்பர் 11ஆம் தேதி, முதல் உலகப் போர் நின்று ஒரு வருஷம் ஆனபோது தொடங்கிய வழக்கம் இது. முதல் வருஷம் நான் போனபோது அந்த இரண்டு நிமிஷத்தில் எனக்குக் கேட்டது, பக்கத்தில் நிற்கிற மரத்தில் காக்கைகள் கத்தியதும், யாரோ ஒரு குழந்தையின் மூக்குறிஞ்சலும் மட்டும்தான். சாலையில் வந்த டிராக்டர்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தக் கல்லைக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். முதல் போருக்கு 18 பெயர், இரண்டாம் போருக்கு 4. அகர வரிசையில் இருக்கின்றன. எங்கள் கல்லில் பதவி கிடையாது, பட்டம் கிடையாது. பண்ணை வீட்டுப் பிள்ளையும் அந்தப் பண்ணையில் ஏர் ஓட்டியவரும் அடுத்தடுத்த வரியில் இருக்கிறார்கள். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வருகிறது. அதே பெயரை எழுதிய பலகை, நான் முட்டை வாங்கும் வீட்டுக் கேட்டில் இன்றைக்கும் தொங்குகிறது. மேற்குப் பக்கம் மழைச்சாரல் அடித்து அடித்து எழுத்து மழுங்கிவிட்டது. பாசி பச்சையாக உள்ளே இறங்கியிருக்கிறது. (தயவுசெய்து யாரும் கம்பி பிரஷ்ஷோ பிரஷர் தண்ணீரோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். பாசி போகும்போது எழுத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.) விரலை வைத்துத் தடவினால்தான் சில பெயர்கள் தெரியும். அதனால்தான் வாயால் சொல்வது முக்கியம் என்கிறேன்.

இந்த ஊர்க்கல் ஏன் வந்தது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். 1915 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரன் பிரான்ஸில் கொல்லப்பட்டார். அவர் உடலை மட்டும் தனி அனுமதியில் ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு தடை போட்டுவிட்டார்கள்: யார் உடலும் திரும்பி வராது. வசதி உள்ளவன் மகன் வருவான், இல்லாதவன் மகன் அங்கேயே கிடப்பான் என்ற நிலை வரக்கூடாது என்பது அதற்குச் சொன்ன நியாயம். நியாயமான பேச்சுதான். ஆனால் பெற்றவளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? 1919இல் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்துப் போட்டு, எங்கள் பிள்ளைகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். கொடுக்கவில்லை. உடலே கிடைக்காதவர்கள் எத்தனையோ பேர். பிரான்ஸில் தியெப்வால் என்ற இடத்தில் ஒரே நினைவுச்சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள் இருக்கின்றன, எல்லோரும் கல்லறை தெரியாதவர்கள். லிங்கன்ஷயரில் வயல்வேலை செய்த ஒரு தாய் கப்பல் ஏறி அங்கே போய்ப் பார்த்திருப்பாளா? அவளுக்கு இருந்தது இந்தக் கோவில் வாசல் கல்தான். ஊரார் காசு போட்டு வைத்த கல். மகனைப் புதைத்த இடம் மாதிரி அவள் பூ வைத்தது இங்கேதான். அந்த இடத்தில் நின்று "22 பேர்" என்று சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய் டீ குடிப்பதா?

சரி, ஒரு பெயருக்காக ஊரே என்ன செய்தது என்று ஒரு கதை சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஃபுல்ஸ்டோ ஊர்க்கதை இது. போர் முடிந்ததும் ஊர் ஊராக நினைவுக்கல் நட்டுக்கொண்டிருந்தார்கள். ஃபுல்ஸ்டோவில் நடவில்லை. அந்த ஊரைச் சேர்ந்த சார்ல்ஸ் கிர்மன் என்ற சிப்பாயை, சொல்லாமல் விலகிப் போனான் என்று 1917 செப்டம்பரில் பிரிட்டிஷ் படையே சுட்டுக் கொன்றது. அவர் பெயரைப் பொறிக்க முடியாது என்றார்கள். அப்படியானால் எங்கள் பிள்ளைகள் யார் பெயரும் வேண்டாம் என்று ஊர் சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள். மகனை முறையாகப் போரில் இழந்த குடும்பங்கள் அவை. அவர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. இருந்தும், அந்த ஒரு வீட்டுக்காரர்கள் தலைகுனிந்து நிற்கக்கூடாது என்பதற்காகத் தங்கள் பிள்ளைகளின் பெயரையும் விட்டுக்கொடுத்தார்கள். எண்பது வருஷத்துக்கும் மேலாக அந்த ஊரில் நினைவுச்சின்னமே கிடையாது. 2005இல்தான் வைத்தார்கள். கிர்மன் பெயரோடு வைத்தார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கொடுக்கும்வரைகூட அவர்கள் காத்திருக்கவில்லை. இப்படிச் சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வந்தது அடுத்த வருஷம், 2006இல்.

இதற்கு நேர் எதிராக ஒன்று கென்ட் பகுதியில் நடந்தது. ஷோரம் என்ற அழகான ஊர். மேலே குன்றின் சரிவில் புல்லைச் செதுக்கிச் சுண்ணாம்புப் பாறையை வெளிக்காட்டி ஒரு பெரிய வெள்ளைச் சிலுவை வெட்டியிருக்கிறார்கள், அது முதல் போரின் நினைவு. அந்த ஊரில் பிறந்த தாமஸ் ஹைகேட் பண்ணை வேலை செய்துவிட்டு 17 வயதில் படையில் சேர்ந்தவர். 1914 செப்டம்பர் 6ஆம் தேதி ஒரு பண்ணைக் கொட்டகையில் பிடிபட்டார். விசாரணையில் அவருக்காகப் பேச வக்கீல் இல்லை, சாட்சி இல்லை. 8ஆம் தேதி காலை 6.22க்குத் தண்டனையைச் சொன்னார்கள், 7.07க்குச் சுட்டுவிட்டார்கள். முக்கால் மணி நேரம். வயது 19. அந்தப் போரில் ஓடிப்போனதற்காகச் சுடப்பட்ட முதல் பிரிட்டிஷ் சிப்பாய் அவர். 2000இல் ஷோரம் ஊரின் போர் நினைவுப் பலகையைப் புதுப்பித்தபோது அவர் பெயரைச் சேர்க்க வேண்டாம் என்று ஊராட்சி வாக்களித்து முடிவு செய்தது. பின்னால் மனம் மாறினால் சேர்க்கலாம் என்று இடம் மட்டும் விட்டார்கள். அப்படி முடிவு செய்தவர்களுக்கும் ஒரு வருத்தம் இருந்திருக்கும், ஓடாமல் போரில் நின்று செத்தவர்களின் குடும்பங்களை நினைத்திருப்பார்கள். ஆனாலும் அந்த முடிவு தப்பு என்றுதான் நான் சொல்வேன். பெல்ஜியத்து மான்ஸ் ஊரிலிருந்து படை பின்வாங்கி வந்த அந்தக் களேபரத்தில் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று அளந்து பார்க்க ஊர் எதற்கு? அளக்க வேண்டியவர்கள் அவசர அவசரமாக அளந்து முடித்துவிட்டார்கள். ஊருக்கு அவன் ஊரில் பிறந்த பிள்ளை, அவ்வளவுதான்.

அப்புறம், கூட்டத்தில் எனக்கு ஏன் அவ்வளவு பொத்துக்கொண்டு வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். நம் தமிழ்நாட்டில் சில ஊர்களில் பழைய கட்டடச் சுவரில் ஒரு சின்னப் பளிங்குப் பலகை பதித்திருக்கும். இந்தியா முழுக்கவே உண்டு. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். பெயர் இருக்காது. எண்ணிக்கை மட்டும். போனது யார் வீட்டுப் பிள்ளை என்று அந்தக் கல்லைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் ஆணையமே 2021இல் ஓர் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்கா, எகிப்துப் பக்கத்து ஆட்களாகக் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயரால் நினைவுகூரப்படாமலே விடப்பட்டிருக்கிறார்கள் என்று அதில் ஒப்புக்கொண்டது. எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பெயர் எழுத யாரும் மெனக்கெடவில்லை, உங்கள் முன்னோர்கள் மெனக்கெட்டு எழுதி வைத்திருக்கிறார்கள், அதை நீங்களாகவே எண்ணிக்கையாக ஆக்கிவிடாதீர்கள் என்று சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கிவிட்டது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு எங்கள் குருவானவர், பெண்மணி, "அப்படியானால் இந்த வருஷம் நீங்களே வாசியுங்கள்" என்றார்.

வீட்டுச் சமையலறையில் நின்று மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் வாசித்தால் ஒரு நிமிஷம் நாற்பது நொடி ஆகிறது. முட்டைக்கார அம்மாவிடம் அவர்கள் குடும்பப் பெயரைச் சொல்லிக் காட்டினேன். பதினோரு வருஷமாக நான் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நடுவில் உள்ள எழுத்தை இந்தப் பக்கத்தில் விழுங்கிவிடுவார்களாம். அவர் இரண்டு முறை சொல்லித் தந்தார். மூன்றாவது முறை சரியாக வந்ததும், "அதுதான், அதுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

வயதானவர்கள் நிற்க வேண்டாம். ஊர்க்கூடத்தில் மடக்கு நாற்காலிகள் இருக்கின்றன. காலையிலேயே நான் எடுத்துப்போய்ப் போட்டுவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.