எலி குடிச்ச ஆலிவ் ஆயிலும் நம்ம ட்ரைகிளிசரைடும்

"இத சாப்பிட்டா ரத்தக் கொழுப்பு பாதியா குறையும், விஞ்ஞானிகள் கண்டுபிடிப்பு"ன்னு ஒரு செய்தி வந்தா நான் நேரா கடைசி பாராவுக்குத்தான் போவேன். அங்கதான் சின்னதா எலின்னு இருக்கும்.

சாப்பிட்டப்புறம் ரத்தத்துல கொழுப்பு எவ்ளோ ஏறுதுன்னு சுண்டெலில எப்படி பாக்குறாங்கன்னா, பட்டினி போட்ட எலிய பிடரில புடிச்சு, முனை உருண்டையா இருக்குற குழாய வாய் வழியா விட்டு, பெரும்பாலும் ஒரு 200 மைக்ரோலிட்டர் ஆலிவ் ஆயில நேரா வயித்துல இறக்கிடுவாங்க, அப்புறம் மணிக்கு ஒருதரம் வால் நுனில சொட்டு ரத்தம். எலி 25 கிராம், அப்போ 60 கிலோ ஆளுக்கு இது 480 மில்லி எண்ணெய்! இத வச்சே கிண்டல் பண்றவங்க நிறைய பேரு. ஆனா அது நியாயமில்ல, எலியோட மெட்டபாலிசம் கிராமுக்கு நம்மள விட ஏழு மடங்கு கிட்ட வேகம், ஏழால வகுத்தா 70 மில்லி கிட்ட வருது, மனுஷங்களுக்கு இதே டெஸ்ட்ட பண்ணும்போதும் 75 கிராம் கொழுப்பு வரைக்கும் குடுக்கத்தான் செய்றாங்க. அளவுல தப்பில்ல.

சிக்கல் ரத்தத்துக்குள்ள இருக்கு. கொழுப்பு ரத்தத்துல சின்னச் சின்ன துகள்கள்ல ஏறித்தான் போகும். சிஇடிபின்னு ஒரு புரதம், எச்டிஎல்ங்கற துகள்ல ('நல்ல' கொலஸ்ட்ரால்னு சொல்றது) இருக்குற கொலஸ்ட்ராலக் குடுத்துட்டு மத்த துகள்கள்ல இருந்து ட்ரைகிளிசரைட (சாப்பாட்டு எண்ணெய்ல இருக்குற சாதாரணக் கொழுப்பு) வாங்குற வேலைய பண்ணும், நமக்கு இருக்கு, பெரிய எலிக்கும் சுண்டெலிக்கும் கிடையவே கிடையாது. அதனாலதான் எலிக்கு கொலஸ்ட்ரால்ல பெரும்பகுதி எச்டிஎல்ல, நமக்கு எல்டிஎல்ல ('கெட்ட' கொலஸ்ட்ரால்னு சொல்றது). சாதாரண சுண்டெலிக்கு ரத்தக்குழாய் அடைப்பு லேசுல வராது, 1992ல அபோ-ஈங்கற, கொழுப்புத் துகள ரத்தத்துல இருந்து அகற்ற உதவுற புரதத்தோட ஜீன எடுத்துட்டு ஒரு எலிய உருவாக்கினப்புறம்தான் அத வச்சு அடைப்பையே ஒழுங்கா ஆராய முடிஞ்சது.

இன்னொன்னு எனக்கு இதவிட முக்கியமாப் படுது. கொழுப்புத் துகளக் கட்டுறதுக்கு அபோ-பின்னு ஒரு புரதம் வேணும், அதுல பி48, பி100ன்னு ரெண்டு வகை. நமக்கு அபோ-பி48ங்கறது குடல்ல மட்டும் தயாராகுது, கல்லீரல்ல பி100தான். அதனால சாப்பிட்டப்புறம் பி48ல எவ்ளோ இருக்குன்னு பாத்தா, சாப்பாட்டுல இருந்து வந்த துகள் எவ்ளோ, கல்லீரல் அனுப்புனது எவ்ளோன்னு பிரிச்சுடலாம். எலியோட கல்லீரலும் பி48 செய்யும், அங்க அந்தக் கணக்கே போட முடியாது. வெள்ளெலி பரவால்ல, அதுக்கு சிஇடிபியும் உண்டு, கல்லீரல்ல பி100 மட்டும்தான். ஆனா மலிவும் ஜீன் மாத்துற வசதியும் சுண்டெலி பக்கம்தான், என்ன பண்றது.

நேரமும் வேற. எண்ணெய் குடுத்த சுண்டெலிக்கு ரெண்டு மணி நேரம் வாக்குல ரத்தத்துல கொழுப்பு உச்சம் போய் சீக்கிரம் இறங்கிடும். நமக்கு மூணு நாலு மணி நேரம் ஆகும் உச்சத்துக்கே, அது முழுசா இறங்குறதுக்குள்ள அடுத்த வேளை சாப்பாடு, நடுவுல வடை டீ வேற. பகல் முழுக்க சாப்பிட்ட ரத்தத்தோடதான் சுத்துறோம். ரத்தக்குழாய் அடைப்புக்கு இதுவே காரணமா இருக்கலாம்னு சில்வர்ஸ்மிட்ங்கற விஞ்ஞானி 1979லயே எழுதிட்டாரு.

இதுக்காக எலிய தூக்கிப்போடச் சொல்லல. ஜிபிஐஎச்பிபி1ங்கற புரதம் இல்லாத எலிகளோட ரத்தத்தப் பிரிச்சா பிளாஸ்மா பால் மாதிரி வெள்ளையா நிக்கும், 2007ல அதப் பாத்ததுல இருந்துதான், கொழுப்ப உடைக்குற என்சைம இந்தப் புரதம்தான் ரத்தக்குழாய் சுவர்ல கொண்டுபோய் வைக்குதுன்னு படிப்படியா பிடிபட்டது, அதே ஜீன் கெட்டுப்போன மனுஷங்களும் கிடைச்சாங்க. எந்த பாகம் இல்லாட்டி மெஷின் நிக்கும்னு எலி சொல்லும், அதுல அதுக்கு நிகரில்ல. நீ மத்தியானம் சாப்பிட்ட பிரியாணி சாயந்தரம் உன் ரத்தத்துல எங்க நிக்குதுன்னு எலியக் கேக்கக்கூடாது, அவ்ளோதான் என் கட்சி.

அத மனுஷங்ககிட்டயே பாத்தாங்க. கோபன்ஹேகன்ல ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்களுக்கு, வழக்கமா சாப்பிடுறத சாப்பிட்டப்புறம் டெஸ்ட் எடுத்ததுல ட்ரைகிளிசரைடு சராசரியா ஏறுனது அதிகபட்சம் டெசிலிட்டருக்கு 26 மில்லிகிராம்தான். அதையெல்லாம் வச்சுதான் 2016ல ஐரோப்பாவுல லிப்பிட் டெஸ்ட்டுக்கு (ரத்தக் கொழுப்பு பரிசோதனை) வெறும் வயிறு கட்டாயமில்ல, சாப்பிட்டு வந்தா ட்ரைகிளிசரைடு 175க்கு மேல போனா கவனிங்க, 440 தாண்டுனா மட்டும் மறுபடி பட்டினியோட எடுத்துப் பாக்கலாம்னு சொன்னாங்க. இங்க இன்னும் சுகர் இருக்குற பெரியவங்கள காலைல ஒன்பது மணி வரைக்கும் தண்ணி மட்டும் குடிக்க வச்சு லேப் வாசல்ல உக்கார வச்சிருக்கோம்.