மேளம் போட்டால்தான் இன்காவா?

மாதா திருவிழாவுக்கு எங்கள் கொயரில் இந்தத் தடவை 'ஹனக்பச்சாப் குசிகுய்னின்' எடுத்திருக்கிறோம். பெரு நாட்டுப் பாட்டு, மொழி கெச்சுவா, ஸ்பானியர் வந்து பிடிப்பதற்கு முன் அங்கே ஆண்ட இன்காக்களின் மொழி. 1631-ல் லிமாவில் அச்சான ஒரு சடங்கு நூலில் இருக்கிறது. அமெரிக்கக் கண்டங்களில் அச்சேறிய முதல் பல்குரல் பாட்டு, அதாவது ஒவ்வொரு குரலும் தனி மெட்டில் சேர்ந்து பாடுவது, இதுதான். நூலைத் தொகுத்தவர் ஹுவான் பெரெஸ் பொகனெக்ரா, குஸ்கோவுக்குப் பக்கத்தில் அந்தவைலில்யாஸ் ஊரின் பங்குச் சாமியார். மெட்டு அவருடையதா, அவரிடம் பாட்டு படித்த உள்ளூர்க்காரர் யாரோ போட்டதா என்ற பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை.

முதல் நாள் ரிகர்சலிலேயே எனக்கும் கொயர் மாஸ்டருக்கும் தகராறு. அவருக்கு மேளம் வேண்டும். யூடியூபில் இருக்கும் பதிவுகள் பலவற்றில் மேளம் உண்டு, சிலவற்றில் மூங்கில் குழலும் சேர்கிறது. அச்சுத் தாளில் இருப்பதோ நான்கு குரல்கள் மட்டும். கோயிலுக்குள் நுழையும்போது பாடும் ஊர்வலப் பாட்டு, மேளம் இருந்திருக்கவும் கூடும். அதோடு எனக்குச் சண்டை இல்லை. மேளம் தட்டினால்தான் 'இன்கா வாசனை' வரும் என்கிற நினைப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. வாசனை சொல்லிலேயே இருக்கிறதே!

முதல் சரணத்தில் மரியாளை 'யுபய் ருரு புகுக் மல்கி' என்று கூப்பிடுகிறார்கள். கணக்கில்லாமல் கனி பழுக்கும் மரமே என்று பொருள். மல்கி என்றால் நடுகிற மரக்கன்று. அந்த ஊர் மக்கள் பதப்படுத்தி வைத்துக் கும்பிட்ட மூதாதையர் உடலுக்கும் அதே பெயர்தான். 1609-ல் பிரான்சிஸ்கோ தெ ஆவிலா என்ற சாமியார் லிமா சதுக்கத்தில் போட்டு எரித்தது அந்த மல்கிகளைத்தான். 22 வருஷம் கழித்து அதே சொல் மாதாவுக்குப் பெயராகி அச்சில் ஏறுகிறது. இன்னொரு சரணத்தில் அவள் மின்னும் 'கத்தச்சில்யாய்', மந்தை மேய்ப்பவர்கள் கும்பிட்ட நட்சத்திரம். பாடிக்கொண்டு நடந்தவர்கள் மனசில் யாரைக் கும்பிட்டார்களோ!

இதைப் போய் 'ஃப்யூஷன்', இரண்டு மரபின் கலப்பு என்கிறார்கள். இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி முடித்த சம்பந்தம் மாதிரி இருக்கிறது கேட்க.

ஒன்று சொல்ல வேண்டும். மனப்பாடம் செய்ய எனக்குக் கஷ்டமே இல்லை. 'கல்பன்னக்பா' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: கல்ப என்றால் வலு, ன்னக் என்றால் அற்ற, பா நம்முடைய 'இன்' உருபு. 'வலுவற்றோரின்' என்று அதே வரிசையில் உட்காருகிறது. அடுத்த சொல்லுக்கு 'ஊன்றுகோலே' என்று பொருள். நாம், நாங்கள் என்ற வேறுபாடுகூட கெச்சுவாவில் உண்டு. உறவு மொழி என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள், சொல்லோடு உருபுகளை அடுக்கி ஒட்டுவது ஒட்டுநிலை மொழிகளின் பொதுக்குணம், நாம்-நாங்கள் வேறுபாடும் உறவில்லாத பல மொழிகளில் உண்டு. ஸ்பானிஷ்காரருக்கு நாக்கு புரளாத இடத்தில் நமக்குப் புரள்கிறது, அவ்வளவுதான்.

பாட்டில் 20 சரணம். நாங்கள் பாடப்போவது மூன்று. கடைசியில் சமரசம்: முதல் சரணம் வெறும் குரல், மேளம் இரண்டாவதில் சேரும். 'மல்கி' வரும் இடத்தில் மட்டும் மூச்சு வாங்கிவிடாதீர்கள் என்று பேஸ் பாடும் அண்ணன்மாரிடம் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.