கடிகாரத்தைப் பார்த்தோம், கட்டடம் யாருடையது என்று கேட்கவில்லை

முகநூல் இன்று காலையில் ஒரு பழைய படத்தை எடுத்து நீட்டியது. 2018 பிப்ரவரி. வாடகை கோட்டு மாட்டிய நாற்பது எம்.பி.ஏ. பிள்ளைகள் கல்லூரி பேனரைப் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்டுகிறோம். பின்னால் தெரிவது நெதர்லாந்தின் ஆல்ஸ்மீர் பூ ஏலக்கூடம். வலது ஓரத்தில் பேனருக்குள் பாதி மறைந்து நிற்கும் ஒல்லிப்பயல் நான்.

இந்த 'வெளிநாட்டுத் தொழில் கல்விப் பயணம்' பற்றி யார் கேட்டாலும் "காசைக் கரியாக்காதீங்க" என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். எட்டு நாளில் தொழில் என்று பார்த்தது இரண்டே இடம். மிச்சமெல்லாம் படகு சவாரி, சாக்லேட் கடை, ஈபிள் கோபுரத்தின் அடியில் செல்ஃபி. ஆனால் அந்த ஒரு காலையை மட்டும் என்னால் அப்படித் தள்ளிவிட முடியவில்லை. அன்றைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே எதையோ கோட்டை விட்டுவிட்டோம் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

ஐந்து மணிக்கு எழுப்பிவிட்டார்கள். இருட்டு, பல் கிட்டிக்கும் குளிர். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிப்ஹோல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில்தான் ஆல்ஸ்மீர். ஆறு மணிக்கே ஏலம் தொடங்கிவிடும். உள்ளே நுழைந்ததும் எனக்கு முதலில் பட்டது, அங்கே மணமே இல்லை. நான் நிலக்கோட்டைப் பக்கத்துப் பையன். பூ மார்க்கெட் என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே மூக்கு கண்டுபிடித்துவிட வேண்டும். இங்கே குளிரூட்டிய கூடத்தில் லட்சக்கணக்கில் ரோஜா. வாசனை ஈரமான அட்டைப்பெட்டி மாதிரி.

ஒரே கட்டடம், 5 லட்சம் சதுர மீட்டருக்கும் மேல். எங்கள் அப்பாவின் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம் போல எண்பது தோட்டத்தை அந்தக் கூரைக்குள் போடலாம். நாங்கள் மேலே நடைபாலத்தில் நின்றோம். கீழே சின்ன எலெக்ட்ரிக் வண்டிகள் பூ ஏற்றிய தள்ளுவண்டிகளைக் கோத்துக்கொண்டு ரயில் மாதிரி வளைந்து வளைந்து ஓடின. காதலர் தினத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கென்யா, எத்தியோப்பியாவிலிருந்தெல்லாம் ரோஜா வந்து இறங்கியிருந்தது.

ஏலம் என்றால் நமக்கு விலை ஏறும். அங்கே இறங்குகிறது. திரையில் வட்டமாக ஒரு கடிகாரம். மேல் விலையிலிருந்து புள்ளி சரசரவென்று கீழே ஓடும். யார் முதலில் பொத்தானை அமுக்குகிறாரோ அவருக்குச் சரக்கு. ரெண்டு மூணு நொடியில் கதை முடிந்துவிடும். சீக்கிரம் அமுக்கினால் விலை கூட, யோசித்தால் பக்கத்து ஆள் தூக்கிவிடுவார். எங்கள் பேராசிரியர் உருகிவிட்டார். "டெக்னாலஜி, டெக்னாலஜி" என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னாரோ. திரும்பி வந்து நாற்பது பேரும் அதையே அறிக்கையாக எழுதினோம். நானும்தான். நல்ல மார்க் வேறு.

கூடத்தைச் சுற்றிக்காட்டிய வழிகாட்டிப் பெண் நடுவில் ஒரு வரி சொன்னார்: இந்த இடம் முழுக்கப் பூ வளர்க்கிறவர்களுடைய கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். 1911-இல் ஆல்ஸ்மீர் விவசாயிகள் ஒரு கஃபேயில் கூடித் தங்களுக்கென்று ஏலம் தொடங்கினார்களாம். யாரும் குறிப்பெடுக்கவில்லை. எங்கள் கூட்டத்திலிருந்து போன ஒரே கேள்வி, "ஒரு நாளைக்கு டர்ன்ஓவர் எவ்வளவு?"

அங்கிருந்தே அப்பாவுக்குப் போன் போட்டேன். அங்கே ஏழு மணி, ஊரில் பதினொன்றரை. நெற்றியில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு விடியுமுன்னே மொட்டெடுத்து, கமிஷன் கடையில் போட்டுவிட்டு வீடு திரும்பியிருந்தார்.

"இன்னைக்கு என்ன விலைப்பா?"

"சாயந்தரம் சீட்டு வந்தாத்தான் தெரியும். நீ சாப்ட்டியா?"

அந்தச் சீட்டில் கடைக்காரர் எழுதுவதுதான் விலை. நூற்றுக்குப் பத்து கமிஷன் போக மிச்சம். கடையை மாற்றலாமே என்று கேட்காதீர்கள். முன்பணம் வாங்கியாயிற்று, கடன் தீரும்வரை பூ அங்கேதான் போகவேண்டும். அந்த முன்பணம் எதற்கு வாங்கியது என்கிறீர்கள்? நான் ஆல்ஸ்மீரில் நின்று கடிகாரத்தை வேடிக்கை பார்ப்பதற்கு.

அதனால்தான் "ஒரு ஆப் வந்தா விவசாயி பொழைச்சுக்குவான்" என்று இப்போது யார் பதிவு போட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. அடுத்தவன் கடையில் ஆணி அடித்து மாட்டுகிற கடிகாரம் அடுத்தவன் மணியைத்தான் காட்டும். சங்கம் கட்டுவதும், அதில் ஏமாறாமல் கணக்குப் பார்ப்பதும் சள்ளை பிடித்த வேலை. செல்ஃபிக்கு உதவாது. இதற்கு வெளிநாடு போகவும் வேண்டியதில்லை, சத்தியமங்கலத்தில் விவசாயிகள் சங்கமே மல்லிகையை ஏலம் விடுகிறது. என் கல்லூரியிலிருந்து அங்கே பஸ்ஸில் மூணு மணி நேரம். ஒரு தடவைகூட எங்களைக் கூட்டிப்போனதில்லை.

ஆல்ஸ்மீரும் சொர்க்கமில்லை. குறைந்தபட்ச விலைக்குக் கீழே போகிற பூவை அழித்துவிடுகிறார்கள். சங்கத்தின் வியாபாரத்தில் பாதிக்கு மேல் கடிகாரம் பார்க்காமல் நேரடிப் பேரத்திலேயே முடிகிறது. கென்யாவில் கூலிக்கு ரோஜா அறுக்கிற பெண்ணுக்கு இந்தச் சங்கத்தில் என்ன பங்கு? அதையும் நாங்கள் கேட்கவில்லை.

ஊர் திரும்பியதும் அப்பாவுக்கு வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ரயில் வண்டிக்கெல்லாம் அவர் அசரவில்லை. கடிகாரத்துக்குப் பக்கத்தில் ஓடும் எழுத்தில் விரலை வைத்து, "இது யார் பேரு?" என்றார்.

"அந்தப் பூவை வளர்த்தவர் பேருப்பா. ஒவ்வொரு லாட்டுக்கும் போடுவாங்க."

எங்கள் ஊர்க் கடையில் அப்பா கொண்டுபோகிற பை, தராசை விட்டு இறங்கியதும் தரையில் கிடக்கும் குவியலோடு குவியலாகிவிடும். வீடியோவை இன்னொரு தடவை ஓடவிடச் சொன்னார். பார்த்துவிட்டு யோசனையாக மோவாயைத் தடவினார்.

"அப்ப பழம்பூவைக் கலந்து போட்டா, யாருன்னு தெரிஞ்சுபோகுமேப்பா."