நெஞ்செரிச்சலுக்கு எத்தனை சதவீதம்?

பக்கத்து வீட்டுக்காரர் ஈராக்குக்கு இரண்டு முறை போய்வந்த அமெரிக்க ராணுவ வீரர். பத்து வருடமாகக் கட்டிலில் தூங்கியதில்லை, ஹாலில் இருக்கும் சாய்வு நாற்காலிதான். மல்லாந்தால் புளித்த தண்ணீர் தொண்டை வரைக்கும் எதுக்களித்து, இருமிக்கொண்டே எழுந்து உட்கார வேண்டியதுதான். போன மாதம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். ரசத்தை மோந்து பார்த்துவிட்டுச் சிரித்தபடி தள்ளி வைத்தார். தயிர் சோறு மட்டும், அதுவும் ஆறரைக்கு முன்னால்.

அமிலம் மேலே எதுக்களிக்கும் இந்த நோய் (GERD) ராணுவப் பணியால் வந்திருந்தால் எத்தனை சதவீதம் ஊனம் என்று கணக்கிட்டு மாதத் தொகை கொடுக்கிற, அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் துறையின் விதி இருக்கிறதே, அதைப் படித்ததிலிருந்து எனக்கே வயிறு எரிகிறது. 2024 மே 19 வரை அவர்கள் ஊன அட்டவணையில் இந்த நோய்க்குத் தனி எண் கிடையாது. ஹயாட்டஸ் ஹெர்னியாவுக்கான (வயிற்றின் மேல்பகுதி மார்புக்குள் ஏறிவிடும் கோளாறு) பட்டியலை வைத்தே 10, 30, 60 சதவீதம் என்று போடுவார்கள். நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, தோள் வரை பரவும் வலி எல்லாம் அதில் கணக்கில் வந்தன. அந்தப் பட்டியலில் இருந்த 'கணிசமான உடல்நலக் குறைவு' என்பதை ஆளுக்கொரு விதமாக அளக்க இடம் இருந்தது, அதை மறுக்கவில்லை. சரி, மாற்றட்டும். ஆனால் இப்போது தனி எண் கொடுத்துவிட்டு, உணவுக்குழாய் சுருங்கியிருக்கிறதா, அதனால் விழுங்க முடியவில்லையா என்று மட்டும் பார்க்கிறார்கள். விழுங்கும் சிரமத்தை அடக்கத் தினமும் மாத்திரை தேவையென்றால் 10. சுருக்கம் திரும்பத் திரும்ப வந்து, குழாயை விரித்துவிடும் சிகிச்சை வருடத்துக்கு இரண்டு முறைவரை என்றால் 30, மூன்றோ மேலோ என்றால் 50. அறுவை சிகிச்சை அல்லது வயிற்றில் துளையிட்டு உணவு செலுத்தும் குழல் என்கிற அளவுக்குப் போய், கூடவே உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதோ உடல் வற்றிப்போவதோ இருந்தால்தான் 80.

ராத்திரி முழுக்க உட்கார்ந்தே தூங்குகிறவருக்கு இதில் எந்தப் படி? 2025 கணக்கில் தனி ஆளுக்கு 10 என்றால் மாதம் சுமார் 175 டாலர், 30 என்றால் சுமார் 537. சின்ன வித்தியாசமில்லை. குழாய் தழும்பேறிச் சுருங்கும்வரை காத்திருந்தால்தான் மேல்படி என்பது, மாத்திரையை ஒழுங்காகப் போட்டு நோயை அடக்கி வைத்தவனுக்குத் தண்டனை மாதிரி இல்லையா?

பழைய ரேட்டிங்கை அட்டவணை மாறியது என்பதற்காக மட்டும் குறைக்க மாட்டார்கள், அந்த மட்டும் நியாயம். புதிதாக விண்ணப்பிக்கிறவர்கள் எண்டோஸ்கோபி அறிக்கையோ பேரியம் எக்ஸ்ரேயோ கையில் இல்லாமல் போகாதீர்கள், சுருக்கம் பதிவில் இருந்தாக வேண்டும். அப்புறம், முழங்கால் வலிக்கு வருடக்கணக்கில் இபுப்ரோஃபென் விழுங்கித்தான் இந்த எரிச்சலே வந்தது என்றால், முழங்கால் ஏற்கெனவே பணியால் வந்த பாதிப்பாக ஏற்கப்பட்டிருக்கும் பட்சத்தில், இதை அதன் தொடர்பாதிப்பாகக் கேட்கலாம். டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு இதைச் சொன்னபோது, முழங்காலைத் தடவிக்கொண்டே மாத்திரை டப்பாவை எடுத்துக் காட்டினார்.