ஐ.நா. தன்னார்வலர் பணிக்குக் கட்டணம் கிடையாது
அண்ணாச்சி, ஐ.நா. தன்னார்வலராக ஆப்பிரிக்கா போவதற்குப் பதிவுக் கட்டணம் உண்டு, பாளையங்கோட்டையிலேயே ஏஜென்ட் மூலம் கட்டலாம் என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் 1970-இல் தொடங்கிய, இப்போது ஜெர்மனியின் பான் நகரிலிருந்து நடக்கும் அந்த ஐ.நா. தன்னார்வலர் திட்டம் (யு.என்.வி.) விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்திலும் காசு வாங்குவதில்லை. கொடுப்பதே அவர்கள்தான்: போன இடத்தில் வீட்டு வாடகை, சாப்பாடு, கரண்ட் பில் என்று அன்றாடச் செலவுக்கு மாதாமாதம் ஒரு படி. (சம்பளம் இல்லை, படிதான்.)

சந்தேகமாக இருந்தால் யு.என்.வி.யின் சொந்த இணையதளத்துக்குப் போய், ஏஜென்ட் அனுப்பும் லிங்க் வழியாக அல்ல, நீங்களே ஒரு கணக்கு தொடங்கிப் பாருங்கள். படிப்பு, அனுபவம், தெரிந்த மொழி எல்லாம் கேட்கும்; பணம் கேட்காது. ஏற்கெனவே யாராவது ஜிபேயில் அனுப்பியிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு போன் போடச் சொல்லுங்கள்.