எந்த நாற்காலியைச் சொல்கிறீர்கள் தோழர்?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தோழர் ஒருவர் மேடையில் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மூன்று நாளாக அந்தத் துண்டு வீடியோவை ஆளாளுக்கு இன்பாக்ஸில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, எழுதிவிடுகிறேன்.

சட்டத் தத்துவ அறிஞர் ஹான்ஸ் கெல்சன் நாற்காலியை விட்டு எழாமலே சட்டம் பேசியவராம். சட்டத்திலிருந்து அறத்தைத் துரத்தினாராம், அந்த வழியாக ஹிட்லர் உள்ளே வந்தாராம். கைதட்டல் வேறு.

எந்த நாற்காலி தோழர்? அவரை எதில் நிம்மதியாக உட்கார விட்டார்கள்?

முதல் நாற்காலி வியன்னாவில். 1920ஆம் ஆண்டு ஆஸ்திரிய அரசியலமைப்பை வரைந்ததில் பெரும்பங்கு அவருடையது. ஒரு சட்டம் அரசியலமைப்போடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தனி நீதிமன்றம் வேண்டும் என்று வாதாடியவர், அதிலேயே நீதிபதியாகவும் உட்கார்ந்தார். அந்நாட்டில் அப்போது கத்தோலிக்கர்கள் பிரிந்துபோனாலும் மறுமணம் செய்ய முடியாது. அதிகாரிகள் விலக்கு கொடுத்தார்கள், ஆயிரக்கணக்கானோர் மறுமணம் செய்துகொண்டார்கள். சாதாரண நீதிமன்றங்களோ அந்தத் திருமணங்கள் செல்லாது என்றன. ஒரு அலுவலகம் கொடுத்ததை இன்னொன்று பிடுங்கினால் குடும்பம் நடத்துகிறவர் எங்கே போவார்? அப்படிப் பிடுங்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்று கெல்சன் இருந்த நீதிமன்றம் சொன்னது. பழமைவாதிகள் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். 1929இல் அரசியலமைப்பையே திருத்தி, 1930இல் நீதிபதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அறத்தைத் துரத்தியவருக்குக் கிடைத்த பரிசு இது.

இரண்டாவது நாற்காலி ஜெர்மனியில், கொலோன் பல்கலைக்கழகத்தில். 1933 ஏப்ரலில் தன் வேலை போன செய்தியை அவர் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அது போதுமே. சட்டத் துறைச் சகாக்கள் அவருக்காக ஒரு மனு எழுதினார்கள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள், ஒருவரைத் தவிர. அவர் அதே துறையின் சட்டப் பேராசிரியர் கார்ல் ஷ்மிட். கெல்சன் டீனாக இருந்தபோதுதான் அவருக்கு அங்கே வேலை கிடைத்தது. மே மாதம் நாஜிக் கட்சியில் சேர்ந்துவிட்டார்.

இந்த இடம் வந்தால் எனக்கு மேலே படிக்க ஓடாது. ஆறு வருடம் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சட்டவியல் எடுத்தேன். ஒரு ஜூன் மாதக் காலையில், அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருக்கும்போது, துறை வாட்ஸ்அப் குரூப்பில் புது டைம்டேபிள் வந்தது. என் வகுப்புகளில் வேறொருவர் பெயர். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. அப்புறம் நான்கைந்து சகாக்கள் சேர்ந்து எனக்காக ஒரு கடிதம் எழுதினார்கள். அதில் ஒருவர் மட்டும், “மேடம், எனக்குக் குடும்பம் இருக்கு” என்று ஒதுங்கிக்கொண்டார். எனக்கும் இருந்தது.

உடனே, “நீங்கள் என்ன கெல்சனா?” என்று கிளம்பாதீர்கள். இல்லை. எனக்குப் போனது வெறும் வேலை. அவருக்குப் போனது நாடு.

“பாகிஸ்தானில் 1958இல் ராணுவ ஆட்சியைச் செல்லும் என்று சொல்ல நீதிமன்றம் கெல்சனின் கோட்பாட்டைத்தானே எடுத்துக்கொண்டது?” ஆமாம், எடுத்துக்கொண்டது. அதே நாட்டின் உச்ச நீதிமன்றம் 1972இல், அவரை எடுத்தாண்டதே தவறு என்று அந்தத் தீர்ப்பைத் தூக்கிப்போட்டது. அதை ஏன் மேடையில் சொல்லவில்லை? இது செல்லுபடியாகும் சட்டம் என்று அவர் சொன்னால், இது நல்ல சட்டம் என்றோ இதற்குக் கீழ்ப்படி என்றோ பொருள் இல்லை. நாடி பிடித்துப் பார்த்து ஆள் போய்விட்டார் என்று சொன்ன டாக்டரைக் கொலைகாரர் என்பீர்களா?

“சட்டத்தையும் அறத்தையும் பிரித்துப் பார்த்ததுதான் ஜெர்மன் நீதிபதிகளை நாஜிகளுக்கு எதிரே நிராயுதபாணி ஆக்கியது என்று ஜெர்மன் சட்ட அறிஞர் ராட்புரூக் சொன்னாரே?” சொன்னார். ஹிட்லர் காலத்து நீதிபதிகள், நாடு கடந்து ஓடிய கெல்சனைப் படித்துவிட்டா தீர்ப்பெழுதினார்கள்? போங்கள்.

எல்லாச் சட்டங்களுக்கும் அடியில் இருப்பதாக அவர் வைத்துக்கொண்ட ‘அடிப்படை நெறி’ வெறும் அனுமானம் என்பதா? சரி, அது நியாயமான கேள்வி. அவரே கடைசிக் காலத்தில் அதைப் புனைவு என்றுதான் சொன்னார்.

மீதி நாற்காலிகளையும் எண்ணிவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டி ஜெனீவா போனார். 1936இல் தான் பிறந்த ஊரான ப்ராகுக்குப் பாடம் நடத்தப் போனால், தேசியவாத மாணவர்கள் கலவரம் செய்தார்கள். 1940இல், 58 வயதில், அமெரிக்காவுக்குக் கப்பல். ஹார்வர்டில் நிரந்தர இடம் இல்லை. கடைசியில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கிடைத்தது, அதுவும் சட்டத் துறையில் அல்ல, அரசியல் அறிவியல் துறையில். முழுப் பேராசிரியராக ஆனது 1945இல். போர் நடந்துகொண்டிருக்கும்போதே, 1944இல், நாடுகளின் சண்டையைத் தீர்க்கக் கட்டாய அதிகாரமுள்ள உலக நீதிமன்றம் வேண்டும், போரைத் தொடங்கிய தனிமனிதர்களும் பதில் சொல்ல வேண்டும் என்று புத்தகம் போட்டார். நாற்காலியை விட்டு எழாதவர்!

கருத்து மாறுபடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? நானே வகுப்பில் அவரோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் ஐந்து தடவை வேரோடு பிடுங்கி நடப்பட்ட ஒரு மனிதரை, ஏசி அறையில் உட்கார்ந்து, ஒரே வரியில் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கிறீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதெல்லாம் உங்களுக்காகக்கூட எழுதவில்லை தோழர். அந்த வீடியோவுக்குக் கீழே முதல் கமெண்ட், “அருமையான உரை, நெஞ்சைத் தொட்டது”. இரண்டு இதயம் வேறு. போட்டவர் பெயரைப் பார்த்தேன். குடும்பம் இருக்கிறது என்று அன்றைக்கு ஒதுங்கிக்கொண்ட அதே சார்.