அமைதியான பிள்ளைக்கு கம்ப்யூட்டர், வாயாடிக்கு வக்கீல்

போன வாரம் அண்ணன் போன் பண்ணினான். "பிள்ளே, இவனுக்கு ஆன்லைன்ல குணம் பாக்கிற டெஸ்ட் எடுத்தாச்சு. இன்ட்ரோவர்ட்னு வந்திருக்கு. அப்ப கம்ப்யூட்டர் சயின்ஸ்தானே?"

பிளஸ் டூ முடித்த அவன் மகனைப் பற்றிய பேச்சு. ரிசல்ட்டை வாட்ஸப்பிலும் அனுப்பியிருந்தான். நான்கு ஆங்கில எழுத்து, கீழே ஒரு பக்கத்துக்கு வர்ணனை. வாசித்துப் பார்த்தேன். எனக்கும் பொருந்துகிறது, அண்ணனுக்கும் பொருந்துகிறது. வார ராசிபலன் மாதிரிதான்.

நான்கு எழுத்தை வைத்து ஆட்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கிற இந்தக் கணக்குக்கு மூலம், 1921இல் உளவியலாளர் கார்ல் யுங் மனித இயல்புகளைப் பிரித்து எழுதியது. அதைக் கேள்வித்தாளாக ஆக்கியவர்கள் அமெரிக்காவில் ஒரு தாயும் மகளும், கேத்தரின் பிரிக்ஸும் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும். இரண்டு பேருமே உளவியல் படித்தவர்கள் இல்லை. நம்மில் பெரும்பாலோர் அமைதிக்கும் கலகலப்புக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறோம். டெஸ்ட் நம்மை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு எழுத்து மாறிவிடுகிறது. இதை நம்பியா நாலு வருஷப் படிப்பை முடிவு செய்வது?

ஜான் ஹாலந்து என்ற அமெரிக்க உளவியலாளர் 1959இல் சொன்னது எனக்குக் கொஞ்சம் பிடிக்கும். ஆளை மட்டும் பிரிக்காமல், வேலை நடக்கிற சூழலையும் சேர்த்து ஆறாகப் பிரித்தார். கையால் செய்வது, ஆராய்வது, கலை, மனிதர்களோடு பழகுவது, ஆட்களை இழுத்து வியாபாரம் பண்ணுவது, கணக்கும் ஒழுங்கும். ஆனால் அதிலும் நர்ஸ் வேலை 'மனிதர்களோடு பழகுவது' என்ற பெட்டிக்குத்தான் முதலில் போகும். அங்கேதான் எனக்கு வழக்கு.

நான் நர்ஸிங் சேர்ந்தபோது ஊரில் பேசியது இதுதான்: "வாயத் தொறக்காத பிள்ளை, இது எப்பிடி நர்ஸ் வேலை பாக்கும்?" முதல் வேலை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், ஓ.பி.யில். டாக்டர் ரவுண்ட்ஸ் போயிருக்கிறார் என்று ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்ல வேண்டும், சிரித்த முகமாகச் சொல்ல வேண்டும். பாகற்காய் தின்ன முகம் என்று இன்சார்ஜ் எல்லார் முன்னாலும் சொன்னார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அம்மாவிடம்கூட ஒரு வார்த்தை பேச முடியாத தலைவலி. இரண்டு வருஷம் இப்படியே போனது. ஊர் சொன்னது சரிதான் என்றே நினைத்தேன்.

அப்புறம் ஆள் பற்றாக்குறையில் ஐ.சி.யு.வில் நைட் டியூட்டி போட்டார்கள். வென்டிலேட்டரில் இருப்பவர் பேச மாட்டார். மணிக்கு மணி பி.பி., பல்ஸ், எவ்வளவு மூத்திரம் போயிருக்கிறது என்று எழுத வேண்டும். சளி உறிஞ்சி எடுக்க வேண்டும். படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போட வேண்டும். சொந்தக்காரர்களிடம் பேசுவது கொஞ்ச நேரம்தான், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேச வேண்டும். அது எனக்கு வந்தது. பதினொரு வருஷம் ஆகிறது. முதுகு வலிக்கிறது, கால் வீங்குகிறது, அந்தத் தலைவலி மட்டும் திரும்ப வரவில்லை. சர்டிபிகேட் அதேதான், சீருடை அதேதான். என்னோடு படித்த ஒருத்தி ஐ.சி.யு.வில் ஒரு வாரம் தாங்கவில்லை. "பொணத்துக்குக் காவல் இருக்க மாதிரி இருக்குடி" என்று சொல்லிப் பிரசவ வார்டுக்குப் போனாள். இன்றைக்கு அந்த வார்டே அவள் குரலில்தான் நடக்கிறது.

எங்கள் அப்பா குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டியவர். விடியுமுன்னே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்குவார். குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக ஒழுகும். முந்நூறு மரத்துக்கு மேல், தன்னந்தனியாக. கத்தி ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வரும். அப்பாவுக்கு அந்த இருட்டும் தனிமையும் ராஜ வாழ்க்கை. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனார். இரண்டே வாரம். அவர் அவசரத்தில் வெட்டிய மரங்களைப் பார்த்து முதலாளி கையெடுத்துக் கும்பிட்டாராம். சித்தப்பா பிறகு தோவாளை பூச்சந்தைக்குப் போனார். அவரும் அதே இருட்டில்தான் எழுந்தார், ஆனால் சத்தத்துக்குள் போய் விழுந்தார். ஓணம் சமயத்தில் மலையாள வியாபாரிகளோடு விலை பேசிப் பேசித் தொண்டை கட்டி வருவார். முகத்தைப் பார்த்தால் கல்யாண வீட்டுக்குப் போய்வந்த ஆள் மாதிரி இருக்கும்.

கலகலப்பு என்பதும் ஒன்றல்ல. தூத்தூர் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வாரக்கணக்கில் ஒரே போட்டில் பத்துப் பன்னிரண்டு பேரோடு இருக்கிறார்கள். அங்கே வாயாடி தேவையில்லை. அடுத்தவன் எரிச்சலைப் பொறுத்துக்கொள்கிற ஆள் வேண்டும். எந்த டெஸ்ட் இதைக் கேட்கிறது?

இதெல்லாம் வாய்ப்பு இருப்பவர்களுக்கான பேச்சு என்பதும் எனக்குத் தெரியும். படிப்புக்கு வாங்கிய லோன் தலைக்கு மேல் நின்றால், குணம் கிணம் எல்லாம் இரண்டாவதுதான். நானே அந்த ஓ.பி.யில் இரண்டு வருஷம் இருந்தது லோனுக்காகத்தான். வேலையை விட்டுவிடு என்று யாரிடமும் சொல்ல எனக்கு வாய் வராது. அதே வேலைக்குள்ளே வேறு அறை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

சரி, அண்ணன் மகன் விஷயம். வீட்டில் அவன் இருக்கிற இடம் தெரியாது, உண்மை. ஆனால் கோயில் அசனத்தில், ஊருக்கே சோறு போடுகிற விருந்தில், அவனைப் பார்த்திருக்கிறேன். எந்தப் பந்தியில் சோறு குறைகிறது, எந்தப் பக்கம் குழம்பு வரவில்லை என்று அண்டாவுக்கும் இலைக்கும் நடுவில் நின்றுகொண்டு, கத்தாமல், கையைக் காட்டியே நாலு பேரை ஓட விடுவான். அவ்வளவு கூட்டத்திலும் பதற்றம் கிடையாது. அண்ணனிடம் இதைச் சொன்னேன். "சோறு விளம்புறது ஒரு படிப்பா பிள்ளே?" என்று சிரித்தான்.

கம்ப்யூட்டர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவனுக்கு அது பிடிக்கவும் செய்யலாம். சேருவதற்கு முன்னால் நாகர்கோவிலில் எனக்குத் தெரிந்த ஒரு சின்ன சாப்ட்வேர் ஆபீஸில் இரண்டு நாள் சும்மா போய் உட்காரட்டும், அப்புறம் எங்கள் ஆஸ்பத்திரி ஸ்டோரில் இரண்டு நாள் நிற்கட்டும் என்று கேட்டிருக்கிறேன். அண்ணன் இன்னும் பிடி கொடுக்கவில்லை. பையன்தான் ராத்திரி தனியாகக் கூப்பிட்டான்.

"மாமி, அங்க உள்ளவங்க மதியம் எத்தன மணிக்கு சாப்பிடுவாங்க?"

ஆபீஸில் ஒரு மணிக்கு, ஸ்டோரில் லாரி வந்தால் மூன்றும் ஆகும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப மொதல்ல ஸ்டோருக்கு வாறேன்" என்றான்.